எஸ்.எஸ்.டி. தேயுமே, ஸ்வாப்பை அணைத்துவிடலாமா?

சென்ற இதழில் பழைய லேப்டாப்பின் ஹார்டு டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. மாட்டுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே பயம்தான்: "எழுத எழுத எஸ்.எஸ்.டி. தேயுமாமே, ரேம் நிரம்பும்போது கணினி டிஸ்கில் எழுதுகிற அந்த ஸ்வாப்பை என்ன செய்வது?" அதனால் மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். ஒரு கல்லூரியின் கணினிக் கூடத்தை நெடுநாளாகப் பார்த்துக்கொள்பவன் நான். இதே பயத்தில் ஒருமுறை தவறும் செய்திருக்கிறேன். அதையும் உரிய இடத்தில் சொல்கிறேன். ஒரு குறிப்பு: இந்த ஸ்வாப்பை விண்டோஸில் பேஜ் ஃபைல் என்பார்கள், அதற்கான செட்டிங் 'விர்ச்சுவல் மெமரி' என்ற பெயரில் இருக்கும்.

எங்கள் கடைக் கணினியில் போன வருடம் 240 ஜிபி எஸ்.எஸ்.டி. மாட்டினோம். மாட்டிக்கொடுத்தவர், "பேஜ் ஃபைல் ஓடினால் ரெண்டே வருஷத்தில் டிஸ்க் காலி" என்று சொல்லி விர்ச்சுவல் மெமரியை அணைத்துவிட்டுப் போனார். ரேம் 8 ஜிபி. இப்போது காலண்டர் வேலை நேரம். கோரல் டிராவும் ஃபோட்டோஷாப்பும் ஒன்றாகத் திறந்திருந்தால், மெமரி போதவில்லை என்று சொல்லி இரண்டில் ஒன்று மூடிக்கொள்கிறது. ஆனால் ரேமில் ஒரு ஜிபிக்கு மேல் காலி என்றே காட்டுகிறது. ஏன்?
— டிடிபி நிலையம் நடத்தும் வாசகர், சிவகாசி

முதலில் பேஜ் ஃபைலைத் திரும்பப் போடுங்கள், மீதியை அப்புறம் படிக்கலாம். விண்டோஸ் தேடல் பெட்டியில் 'அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ்' என்று தேடித் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் உள்ள செட்டிங்ஸ் பட்டனை அழுத்துங்கள். அதில் 'அட்வான்ஸ்டு' பக்கத்தில் விர்ச்சுவல் மெமரி இருக்கும், அங்கே 'சேஞ்ச்' பட்டனை அழுத்துங்கள். மேலே, எல்லா டிரைவுக்கும் பேஜ் ஃபைல் அளவை விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்ற பொருளில் ஒரு கட்டம் உண்டு. அதில் டிக் போட்டு ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போதும்.

ரேமில் இடம் இருந்தும் ஏன் போதவில்லை என்கிறது? பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சீட் காலியாகத்தான் தெரியும், ஆனால் உட்கார முடியாது. ஃபோட்டோஷாப் போன்ற புரோகிராம்கள் பிற்பாடு தேவைப்படும் என்று நினைக்கிற மெமரிக்கும் முன்கூட்டியே துண்டு போட்டுவிடுகின்றன. விண்டோஸ் அப்படிக் கேட்பவர்களுக்கெல்லாம் வாக்குக் கொடுக்கிறது. கொடுத்த வாக்குகளின் மொத்தம், ரேமும் பேஜ் ஃபைலும் சேர்ந்த அளவைத் தாண்டக் கூடாது என்பது விதி. பேஜ் ஃபைல் இருக்கும்போது, யாரும் உண்மையில் உட்காராத துண்டுகளுக்கு அந்த ஃபைலைக் கணக்குக் காட்டி விண்டோஸ் சமாளித்துவிடும். டிஸ்கில் அதற்காக ஒரு எழுத்துகூட எழுத வேண்டியதில்லை. பேஜ் ஃபைலை அணைத்துவிட்டால் உங்கள் 8 ஜிபியோடு கணக்கு முடிந்தது. டாஸ்க் மேனேஜரில் 'பெர்ஃபார்மன்ஸ்', அதில் 'மெமரி' போய் 'கமிட்டட்' என்ற எண்ணைப் பாருங்கள். சாய்கோட்டுக்கு இடதுபுறம் இருப்பது கொடுத்த வாக்கு, வலதுபுறம் இருப்பது எல்லை. உங்கள் கடையில் அந்த இரண்டும் இப்போது ஒட்டிக்கொண்டு நிற்கும்.

சரி, தேய்மானம். அது கட்டுக்கதை இல்லை. எஸ்.எஸ்.டி.க்குள் தகவல் மின்னூட்டமாகத்தான் தங்குகிறது. செல் எனப்படும் நுண்ணிய அறைகளில், மெல்லிய காப்புப் படலத்துக்கு அப்பால் எலக்ட்ரான்களை அடைத்து வைக்கிறார்கள். எழுதும்போதும் அழிக்கும்போதும் எலக்ட்ரான்கள் அந்தப் படலத்தின் வழியே போய்வர வேண்டும், ஒவ்வொரு முறையும் படலம் கொஞ்சம் சேதப்படுகிறது. ஒரு செல்லில் ஒரே ஒரு பிட் வைக்கும் பழைய எஸ்.எல்.சி. வகை ஒரு லட்சம் முறை அளவுக்குத் தாங்கும். இன்று கடையில் வாங்கும் டிஸ்குகளில் பெரும்பாலானவை ஒரு செல்லில் மூன்று பிட் வைக்கும் டி.எல்.சி. வகை. அதில் எட்டு மின்னூட்ட நிலைகளைப் பிரித்தறிய வேண்டும், அதனால் சில ஆயிரம் முறைதான். நான்கு பிட் வைக்கும் க்யூ.எல்.சி. அதைவிடவும் குறைவு.

இன்னொரு சங்கதியும் உண்டு. எஸ்.எஸ்.டி.யில் எழுதுவது பள்ளிக்கூடச் சிலேட்டு மாதிரி அல்ல, அதைவிடச் சங்கடமானது. சிலேட்டில் ஒரு எழுத்தை மட்டும் விரலால் அழிக்கலாம். இங்கே சில கிலோபைட் கொண்ட பக்கங்களாக எழுதலாமே தவிர, அழிப்பதென்றால் பல மெகாபைட் கொண்ட ஒரு முழுப் பாளத்தையும் சேர்த்துத்தான் அழிக்க முடியும். அந்தப் பாளத்தில் இன்னும் தேவைப்படும் தகவல் இருந்தால், அதை முதலில் வேறிடத்துக்கு மாற்றி எழுத வேண்டும். இதனால் நீங்கள் எழுதியதைவிட டிஸ்க் உள்ளுக்குள் எழுதுவது அதிகமாகிறது. டிஸ்கை வாய்வரை நிரப்பி வைத்திருந்தால் இந்த வீண்வேலை இன்னும் ஏறும். டிடிபி கடைகளில் சி டிரைவ் சிவப்புக் கோட்டில் நிற்பதைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். பேஜ் ஃபைலை அணைப்பதைவிட, டிஸ்கில் ஐந்தில் ஒரு பங்கைக் காலியாக வைத்திருப்பது டிஸ்குக்கு அதிக நன்மை செய்யும்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அந்த இடம் மட்டும் சீக்கிரம் போய்விடாதா என்று சிலர் கேட்டிருக்கிறார்கள். பழைய கோயில் படிக்கட்டுகளைப் பாருங்கள். எல்லோரும் நடுவிலேயே மிதித்து, நடுப்பகுதி மட்டும் குழிந்திருக்கும். எஸ்.எஸ்.டி.க்குள் இருக்கும் கன்ட்ரோலர் அப்படி நடக்க விடாது, படியின் முழு அகலத்திலும் மாற்றி மாற்றி நடக்க வைக்கும். பேஜ் ஃபைல் உங்கள் கண்ணுக்கு ஒரே ஃபைல்தான், உள்ளே அது எழுதப்படும் இடம் ஒவ்வொரு முறையும் மாறிக்கொண்டே இருக்கும். அதனால் மொத்தம் எவ்வளவு எழுதுகிறோம் என்பதுதான் கணக்கு.

அந்தக் கணக்கையும் போட்டுவிடுவோம். இத்தனை டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் என்று தயாரிப்பாளர்களே ஒரு எண் கொடுக்கிறார்கள். கிங்ஸ்டன் ஏ400 வரிசையில் 240 ஜிபி டிஸ்குக்கு 80 டெராபைட், சாம்சங் 870 ஈவோவில் 250 ஜிபிக்கு 150 டெராபைட். உங்களிடம் இருப்பது குறைந்த எண் கொண்டது என்றே வைத்துக்கொள்வோம். பேஜ் ஃபைல் உட்பட தினம் 30 ஜிபி எழுதினாலும், 80 டெராபைட்டை, அதாவது 80,000 ஜிபியை, 30-ஆல் வகுத்தால் 2,666 நாள். வருடத்துக்கு 300 நாள் கடை திறந்தால் கிட்டத்தட்ட 9 வருடம். அந்த நாளில் டிஸ்க் செத்துவிடும் என்றும் அர்த்தமில்லை, உத்தரவாதம் அதுவரை என்று மட்டுமே பொருள். 2013-ல் தொடங்கி 2015 வரை 'தி டெக் ரிப்போர்ட்' என்ற அமெரிக்கத் தளம் 240 முதல் 256 ஜிபி வரை அளவுள்ள ஆறு டிஸ்குகளை இரவு பகலாக எழுதவைத்துச் சோதித்தது. ஆறுமே 700 டெராபைட்டைத் தாண்டின. அவற்றில் பெரும்பாலானவை செல்லுக்கு இரண்டு பிட் வைக்கும் வகை என்பதால், இன்றைய மலிவான டிஸ்குக்கு அதே ஆயுளை எதிர்பார்க்காதீர்கள். ரெண்டே வருஷத்தில் காலி என்ற பேச்சுக்கு இடமில்லை என்று புரிந்துகொள்ள அது போதும்.

பேஜ் ஃபைலை எஸ்.எஸ்.டி.யில் வைக்கலாமா என்ற கேள்விக்கு மைக்ரோசாஃப்ட்டே 2009-ல், விண்டோஸ் 7 வெளிவருவதற்கு முன், பதில் சொல்லிவிட்டது. அவர்கள் திரட்டிய பதிவுகளில் பேஜ் ஃபைலில் ஒருமுறை எழுதினால் சுமார் 40 முறை படிப்பதாகத் தெரிந்தது. படிப்பதால் தேய்மானம் அநேகமாக இல்லை. சின்னச் சின்னதாகப் படிப்பதில்தான் எஸ்.எஸ்.டி. கெட்டிக்காரன்.

உங்கள் கடையில் உண்மையில் அதிகம் எழுதுவது எது தெரியுமா? ஃபோட்டோஷாப் தன் வேலைக்காக டிஸ்கில் தற்காலிகமாக எழுதிக்கொள்ளும் ஸ்க்ராட்ச் ஃபைல். அது பேஜ் ஃபைலுக்குச் சம்பந்தமில்லாத தனிக் கணக்கு. விர்ச்சுவல் மெமரியை அணைத்தாலும் அது எழுதிக்கொண்டேதான் இருக்கும். பெரிய காலண்டர் ஷீட்டை 300 டிபிஐயில் பல லேயரோடு திறந்து வைத்து, ஹிஸ்டரி அளவையும் கூட்டி வைத்திருந்தால் பல ஜிபி போகும். ஹிஸ்டரி எண்ணிக்கையைக் குறையுங்கள். கையில் காசு சேர்ந்ததும் இன்னொரு 8 ஜிபி ரேம் போடுங்கள். ஸ்வாப்பையும் ஸ்க்ராட்ச்சையும் நிஜமாகக் குறைக்கும் மருந்து அதுதான்.

உபுண்டு லினக்ஸ் பயன்படுத்துகிறேன். 8 ஜிபி ரேம், எஸ்.எஸ்.டி. ஸ்வாப்பினஸ் எண்ணை 1 ஆக்கு என்கிறார்கள், 10 என்கிறார்கள், ஸ்வாப்பே வேண்டாம் என்கிறார் அறைத் தோழர். எது சரி? ஸ்வாப் எவ்வளவு வைக்க வேண்டும்?
— பொறியியல் மாணவர், திருச்சி

தம்பி, உங்கள் அறைத் தோழர் சொல்வதைத்தான் நான் 2018-ல் செய்தேன். கூடத்தில் 36 கணினிகள், எல்லாம் 4 ஜிபி ரேம், எல்லாவற்றிலும் உபுண்டு. ஹார்டு டிஸ்குகளை எடுத்துவிட்டுப் புதிதாக எஸ்.எஸ்.டி. வாங்கித் தந்தார்கள். அடுத்து எப்போது பணம் ஒதுக்குவார்களோ என்ற கவலையில், ஒரே சனிக்கிழமையில் 36 கணினிகளிலும் ஸ்வாப்பை அணைத்தேன். மார்ச்சில் ஒரு மாணவி ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவையும் பிரவுசரையும் திறந்து வைத்து இறுதியாண்டு ப்ராஜெக்டைச் செய்துகொண்டிருந்தாள். கணினி அப்படியே உறைந்துவிட்டது. மவுஸ் நகரவில்லை. டிஸ்க் விளக்கு மட்டும் அணையாமல் எரிந்துகொண்டிருந்தது. கால் மணி நேரம் காத்திருந்துவிட்டு பவர் பட்டனை அழுத்தினேன். காலையிலிருந்து அவள் செய்ததில் சேமிக்காததெல்லாம் போயிற்று. அவள் ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி முதலிலிருந்து டைப் செய்ய ஆரம்பித்தாள்.

ஸ்வாப்பே இல்லாத கணினியில் டிஸ்க் விளக்கு ஏன் எரிந்தது? அன்று இரவு அதைத்தான் தேடிப் படித்தேன். ரேமில் இருப்பவை இரண்டு வகை. ஒன்று, டிஸ்கில் ஏற்கெனவே உள்ள ஃபைல்களின் நகல். புரோகிராம்களின் நிரலும் இதில் அடக்கம். இன்னொன்று, புரோகிராம் ஓடும்போது தானே உருவாக்கிக்கொண்ட தகவல், அதற்கு டிஸ்கில் நகல் கிடையாது. ரேம் நெருக்கடி வந்தால் முதல் வகையைத் தூக்கிப் போட்டுவிடலாம், வேண்டும்போது திரும்பப் படித்துக்கொள்ளலாம். இரண்டாம் வகையை வெளியே வைக்க ஒரே இடம் ஸ்வாப். அது இல்லாவிட்டால், காலையில் திறந்து இதுவரை தொடாத பிரவுசர் டேப்கூட ரேமைவிட்டு நகராது. லினக்ஸ் அப்போது என்ன செய்யும்? இந்த நொடியில் ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் நிரலையே தூக்கிப் போடும், மறுநொடி டிஸ்கிலிருந்து திரும்பப் படிக்கும், மறுபடி போடும். அந்த விளக்கு எரிந்தது அதனால்தான். தாங்கவே முடியாத கட்டத்தில்தான் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஏதாவது ஒரு புரோகிராமைக் கொல்லும், அதற்குள் நாமே பவர் பட்டனுக்குப் போய்விடுவோம்.

மறுநாளே எல்லாக் கணினிகளிலும் ஸ்வாப்பைத் திரும்பப் போட்டேன். போட்ட கையோடு ஒரு நோட்டும் வைத்தேன், மாதம் ஒருமுறை ஒவ்வொரு டிஸ்கும் எவ்வளவு எழுதியிருக்கிறது என்று குறிக்க. அதிகம் உழைத்த கணினி ஒரு செமஸ்டரில் எழுதியது, ஸ்வாப்பும் சேர்த்து, ஒரு டெராபைட்டுக்குச் சற்று மேல். அந்த வேகத்தில் டிஸ்கின் உறையில் போட்டிருந்த எண்ணைத் தொட முப்பது வருடத்துக்கு மேல் ஆகும். நான் எதற்காகப் பயந்தேனோ அது நடக்கவே போவதில்லை. நடந்ததெல்லாம் அந்தப் பெண்ணின் வேலை போனதுதான்.

இப்போது ஸ்வாப்பினஸ். 60 என்றால் ரேம் 60 சதவீதம் நிரம்பியதும் ஸ்வாப் தொடங்கும் என்று பலரும் சொல்லிக்கொடுக்கிறார்கள். தவறு. மேலே சொன்ன இரண்டு வகையில் எதை முதலில் வெளியேற்றுவது என்பதற்கான சாய்வு அது. 100 என்றால் இரண்டையும் சமமாகப் பாவிக்கும். எண் குறையக் குறைய ஃபைல் நகல்களை அதிகம் தூக்கிப் போடும். வழக்கமான மதிப்பு 60. 2020-ல் வந்த 5.8 கெர்னலிலிருந்து 200 வரை வைக்கலாம். எஸ்.எஸ்.டி. உள்ள கணினியில் 60-ஐ அப்படியே விடுவது தப்பில்லை. மனம் கேட்கவில்லை என்றால் 30 வையுங்கள். 1 வைத்தால் எங்கள் கூடத்தில் நடந்ததற்குப் பக்கத்தில் போய் நிற்பீர்கள்.

அளவு: 8 ஜிபி ரேமுக்கு 4 ஜிபி ஸ்வாப் ஃபைல் போதும். ஹைபர்நேட் செய்யும் பழக்கம் இருந்தால் ரேம் அளவுக்குக் குறையாமல் வையுங்கள். ஒவ்வொரு ஹைபர்நேட்டும் ரேமில் உள்ளதைச் சுருக்கி டிஸ்கில் எழுதுகிறது. விடுதியில் தினம் நாலு தடவை லேப்டாப்பை மூடித் திறப்பவர் என்றால் ஸ்லீப் போதும். எழுத்தைக் குறைக்க இது சுலபமான வழி.

அதோடு இசட்ராம் போட்டுப் பாருங்கள், எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது. ரேமின் ஒரு பகுதியையே ஸ்வாப் டிஸ்க் மாதிரி காட்டி, அங்கே போவதைச் சுருக்கி வைக்கும். சாதாரணமாகப் பாதி அளவுக்கோ அதற்கும் கீழாகவோ சுருங்கும். எஸ்.எஸ்.டி.க்கு எழுத்தே போகாது, பிராசசருக்குக் கொஞ்சம் கூடுதல் வேலை, அவ்வளவுதான். 2014-ல் 3.14 கெர்னலோடு முறையாகச் சேர்ந்தது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகை 2020-ல் 33-ஆம் பதிப்பிலிருந்து இதையே இயல்பான ஸ்வாப்பாக வைத்திருக்கிறது. இசட்ராமுக்கு அதிக முன்னுரிமையும் டிஸ்க் ஸ்வாப்புக்குக் குறைந்த முன்னுரிமையும் கொடுத்தால், முதலில் இசட்ராம் நிரம்பும், அதற்குப் பிறகுதான் டிஸ்க். ஸ்வாப்பினஸை 100-க்கு மேல் ஏற்றுவது பொருத்தமாவது இந்த ஏற்பாட்டில்தான். ஸ்வாப் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று பார்த்துப் பதறாதீர்கள். விஎம்ஸ்டாட் கமாண்டில் 'எஸ்ஐ', 'எஸ்ஓ' என்று இரண்டு பத்திகள் வரும், அந்த நொடியில் ஸ்வாப்பிலிருந்து வருவதும் போவதும். இரண்டும் பூஜ்யத்தைச் சுற்றி இருந்தால் எந்தக் குறையும் இல்லை. இரண்டும் விடாமல் பெரிய எண்ணாக ஓடினால் ரேம் போதவில்லை என்று அர்த்தம்.

எனது மடிக்கணினியில் 512 ஜிபி என்விஎம்இ டிஸ்க். நான்கு வருடமாகப் பாவிக்கிறேன். எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க வழி உண்டோ? மாணவர்களின் புள்ளி (மதிப்பெண்) விபரங்கள் எல்லாம் இதில்தான் இருக்கின்றன.
— ஆசிரியை, யாழ்ப்பாணம்

உண்டு, டீச்சர். டிஸ்கே தன் கணக்கை எழுதி வைத்திருக்கிறது. விண்டோஸ் என்றால் 'கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ' என்ற இலவசப் புரோகிராமை அதன் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். திறந்ததும் இடதுபுறம் ஆரோக்கியம் சதவீதத்தில் தெரியும். வலதுபுறம் 'டோட்டல் ஹோஸ்ட் ரைட்ஸ்' என்பது இதுவரை எழுதிய மொத்தம். லினக்ஸில் 'ஸ்மார்ட்மான்டூல்ஸ்' அதே வேலையைச் செய்யும்.

உங்களிடம் உள்ள என்விஎம்இ என்ற புதுவகை எஸ்.எஸ்.டி.களில் 'பர்சன்டேஜ் யூஸ்டு' என்ற எண்ணை நம்பிப் பார்க்கலாம். 7 என்றால் தயாரிப்பாளர் கணித்த ஆயுளில் 7 சதவீதம் செலவாகியிருக்கிறது. அது 100-ஐத் தாண்டியும் போகலாம், தாண்டியதும் டிஸ்க் நிற்க வேண்டும் என்பதில்லை. 'டேட்டா யூனிட்ஸ் ரிட்டன்' என்று வெறும் எண்ணாகக் காட்டினால், ஒரு யூனிட் 5,12,000 பைட். 2 கோடி யூனிட் என்றால் 10 டெராபைட்டுக்குச் சற்று மேல். சாட்டா என்ற பழைய இணைப்பு வகை டிஸ்குகளில் இந்த எண்களை ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாகத் தருவதால், ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவுக்கு வரக் கூடாது. இன்று ஒருமுறை, அடுத்த மாதம் இதே தேதியில் ஒருமுறை குறித்துக் கழித்துப் பாருங்கள். மாதத்துக்கு எவ்வளவு என்று தெரிந்தால் மீதி வகுத்தல் கணக்குதான்.

ஆனால் புள்ளி விபரம் இதில் மட்டும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. எங்கள் கூடத்தில் இத்தனை வருடத்தில் மூன்று எஸ்.எஸ்.டி.கள் போயின. மூன்றிலும் தேய்மானக் கணக்கு ஒற்றை இலக்கத்தில் இருந்தது. முதல் நாள் மாலை வரை ஓடிவிட்டு மறுநாள் காலையில் கணினி அவற்றைக் கண்டுகொள்ளவே இல்லை. ஹார்டு டிஸ்க் சாகும் முன் கடகடவென்று சத்தம் போட்டுச் சொல்லும், எஸ்.எஸ்.டி. அப்படிச் சொல்வதில்லை. ஆரோக்கியம் 95 சதவீதம் என்று காட்டினாலும் வெளியே ஒரு ஹார்டு டிஸ்கில் இன்னொரு பிரதி இருக்கட்டும். வாராவாரம் எடுங்கள்.

எஸ்.எஸ்.டி.யும் பழைய ஹார்டு டிஸ்கும் இரண்டுமே என் கணினியில் உள்ளன. பேஜ் ஃபைலை ஹார்டு டிஸ்குக்கு மாற்றிவிட்டால் எஸ்.எஸ்.டி. பிழைக்குமல்லவா?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கும்பகோணம்

பிழைக்கும் ஐயா, உங்கள் பொறுமை போய்விடும். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றும் ஹார்டு டிஸ்கில் ஒரு சுற்றுக்கே 8 மில்லிநொடிக்கு மேல் ஆகிறது, அதோடு தலை நகர வேண்டும். எஸ்.எஸ்.டி.யில் ஒரு மில்லிநொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் வேலை முடியும். முதன்மை நினைவகம் போதாதபோது சுழலும் காந்த உருளையைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் உத்தியை மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினி 1962-லேயே செய்துகாட்டியது. அன்றைக்குச் சுழலும் சாதனத்தைவிட்டால் வழியில்லை. இன்றைக்கு இருக்கிறதே. எஸ்.எஸ்.டி.யிலேயே விடுங்கள். ஹார்டு டிஸ்கை உங்கள் சேகரிப்புகளின் பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எம்1 மேக்புக் ஏர், 8 ஜிபி. ஆக்டிவிட்டி மானிட்டரில் 'ஸ்வாப் யூஸ்டு' எப்போதும் 3, 4 ஜிபி. எஸ்.எஸ்.டி. போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது, மாற்ற முடியாது. தூக்கம் வரவில்லை.
— ஐ.டி. ஊழியர், கோவை

பற்றவைத்த டிஸ்க் என்பதால் உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது. 2021 தொடக்கத்தில் எம்1 வைத்திருந்த பலர் தங்கள் டிஸ்கில் எழுத்துக் கணக்கு எதிர்பார்த்ததைவிட வேகமாக ஏறுவதாக எழுதினார்கள். எதற்கும் மேக்ஓஎஸ்ஸைப் புதுப்பித்து வைத்திருங்கள்.

அந்த 4 ஜிபி ஒரு நாளில் எழுதிய அளவு அல்ல. இந்த நேரத்தில் அங்கே வைக்கப்பட்டிருக்கும் சாமான் அவ்வளவு என்று பொருள். பரணில் ஏற்றிய அண்டாவை மாதக்கணக்காக யாரும் தொடாமல் இருக்கலாம். நீங்கள் பார்க்க வேண்டியது அதே புரோகிராமின் 'டிஸ்க்' பக்கத்தில் உள்ள 'டேட்டா ரிட்டன்'. கணினியை இயக்கியதிலிருந்து எழுதிய மொத்தம் அது. வேலை நாள் ஒன்றின் முடிவில் பாருங்கள். 'மெமரி' பக்கத்தில் அழுத்தம் காட்டும் வரைபடம் பச்சையாக இருந்தால் விட்டுவிடுங்கள். 2013-லிருந்து மேக் ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும் வேலையைச் செய்கிறது, டிஸ்குக்குப் போவது அதற்கும் பிறகுதான். நாள் முழுக்க மஞ்சளும் சிவப்புமாக இருந்தால் டேப்களைக் குறையுங்கள். மேக்கில் ஸ்வாப்பை வலுக்கட்டாயமாக அணைக்கும் வித்தைகளைப் பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். அடுத்த கணினி வாங்கும்போது, பின்னால் ரேம் போட முடியாத வகை என்றால், 16 ஜிபிக்குக் குறைந்து வாங்க வேண்டாம்.

பள்ளியில் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியை வைத்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வருடத்துக்கு இரண்டு மெமரி கார்டு போய்விடுகிறது. ஸ்வாப்தான் காரணமா?
— அரசுப் பள்ளி ஆசிரியர், திண்டுக்கல்

ஸ்வாப்பைப் பற்றிப் பயப்பட உரிமை உள்ளவர் இந்த இதழில் நீங்கள் ஒருவர்தான். மெமரி கார்டிலும் எஸ்.எஸ்.டி.யில் உள்ள அதே ஃபிளாஷ் செல்கள்தான், ஆனால் படியின் முழு அகலத்திலும் நடக்க வைக்கிற அந்தக் கன்ட்ரோலர் அதில் மிகவும் எளியது. கார்டில் உள்ள ஸ்வாப்பை நிறுத்தி இசட்ராம் போடுங்கள். கணினி தன் நடப்புகளைக் குறித்துவைக்கும் லாக் ஃபைல்களை ரேமில் வைத்து எப்போதாவது கார்டுக்கு எழுதும் ஏற்பாடும் உண்டு. 'ஹை எண்டியூரன்ஸ்' என்று போட்ட, கேமராக்களுக்கான கார்டு வாங்குங்கள். பை 4 அல்லது அதற்குப் புதியது என்றால் யூஎஸ்பியில் சிறிய எஸ்.எஸ்.டி.யை மாட்டி அதிலிருந்தே துவக்கலாம்.

இருந்தாலும் முதலில் ஒன்றைக் கவனியுங்கள். மணி அடித்ததும் பிள்ளைகள் அப்படியே பிளக்கைப் பிடுங்குகிறார்களா? எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் நல்ல கார்டும் கெட்டுப்போகும். முறையாக ஷட்டவுன் செய்வதை முதல் பாடமாக வையுங்கள்.

இரண்டு வருடம் முன் குடும்பப் படங்களையெல்லாம் ஒரு பழைய எஸ்.எஸ்.டி.யில் போட்டு மாடி அறை பீரோவில் வைத்தேன். பயன்படுத்தாமல் இருந்தால் தேயாது, பத்திரமாக இருக்கும் என்றுதானே?
— வாசகி, திருநெல்வேலி

அம்மா, இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அடைத்து வைத்த மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசியும். புதுப் படலம் நன்றாகத் தாங்கும், தேய்ந்த படலம் அவ்வளவு தாங்காது. ஜெடெக் என்ற தர அமைப்பின் வரையறைப்படி, வீட்டு உபயோக எஸ்.எஸ்.டி. உத்தரவாத அளவு முழுவதையும் எழுதித் தீர்த்த பிறகும் 30 டிகிரி வெப்பத்தில் மின்சாரமின்றி ஒரு வருடம் தகவலைக் காக்க வேண்டும். உங்களுடையது அவ்வளவு தேய்ந்திருக்காது, அதனால் படங்கள் இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் மே மாதத்தில் மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறையில் இரும்பு பீரோவுக்குள் 30 டிகிரியில் நிற்காது. சூடு ஏற ஏறக் கசிவும் ஏறும்.

இன்றே கீழே எடுத்து வாருங்கள். கணினியில் மாட்டி, புதிதாக எதையும் அதில் எழுதாமல், படங்கள் எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்கில் காப்பி செய்யுங்கள். காப்பி ஆனதும் இங்கும் அங்குமாகச் சில படங்களைத் திறந்து பாருங்கள், பெரிய வீடியோக்களைக் கடைசிவரை ஓட்டிப் பாருங்கள். ஏதாவது ஒன்று திறக்காமல் போனால் பழைய எஸ்.எஸ்.டி.யை ஃபார்மட் செய்துவிடாமல் எனக்கு எழுதுங்கள்.